முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஞானசிகாமணியின் வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது, ஹவில்தார் தணிகாசலம் ஓயாமல் தலையாட்டிக்கொண்டிருந்தான். எதற்கு ஆட்டுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொருந்துகிற ஆட்டல் ஒன்று இருக்கிறது. தலையை லேசாகச் சாய்த்து, உதட்டைப் பிதுக்கி, கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தால் போதும், எதிரே இருப்பவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மேலே பேசுவான். ரொம்ப வருஷமாக இந்த ஆட்டலில்தான் தணிகாசலத்தின் பிழைப்பு ஓடுகிறது. ராணுவ ஆஸ்பத்திரித் தாழ்வாரம், நீள பெஞ்சு, பாதிச் சுவர் வரைக்கும் பச்சைப் பெயிண்ட், எதிரே காது மூக்கு தொண்டை என்று இந்தியில் எழுதிய கதவு. அது திறக்கும், உதவியாள் தலையை நீட்டிப் பெயரைக் கூப்பிடுவான், அந்த நேரத்தில் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கண் வேறெங்காவது போய்விட்டால் போயிற்று. காது கேட்கவில்லை என்று நிரூபிக்க வந்தவன் கூப்பிட்டதும் எழுந்து போக இத்தனை கவலைப்படுவானேன், கேட்காமல் உட்கார்ந்தே இருந்தால் அதுவே நல்ல சாட்சி இல்லையா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. கூப்பிட்ட குரலுக்குப் போகாமல் இருப்பது அவன் உடம்புக்குப் பழக்கமில்லை. மாசக் கடைசியில் பென்ஷனில் போகிறான். போகிறவனின் உடம்பை ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள், துப்பாக்கியை ஒப்படைக்கும்போது குழலுக்குள் கண்ணை விட்டுப் பார்க்கிற மாதிரி. கண், பல், நெஞ்சு எல்லாம் நேற்றே முடிந்தது. காது மட்டும் பாக்கி.

ஞானசிகாமணி அவன் வலது பக்கத்தில் இருந்தான். இடது காது முழுசாகப் போயாயிற்று, வலதில் இன்னும் ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதால் தணிகாசலம் எங்கே போனாலும் ஆட்களைத் தன் வலது பக்கம் தள்ளிக்கொண்டுதான் உட்காருவான். ஞானசிகாமணி மார்த்தாண்டத்துக்காரன், அவனும் பீரங்கிப் படை, அவனும் இந்த மாதம் போகிறவன், முதுகெலும்பில் தேய்மானம் என்று வந்திருக்கிறான். பீரங்கிக்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை அந்தக் கத்தலில் யாரும் கண்டுபிடிக்க முடியாது, அது ஒரு சௌகரியம். அவன் இப்போது வாயைக் காதருகே கொண்டுவந்து கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். "அண்ணே, நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம். கேக்கேல்லன்னா கேக்கேல்லன்னு சொல்லணும், அவ்வளவுதான். உங்களுக்கெங்கிலும் மெஷின் சொல்லும். எனக்க நடுவு வலிய எந்த மெஷினு சொல்லும்? வலி எனக்குள்ள இல்லா இருக்கு!" தணிகாசலம் சிரித்து, "சொல்லிடுவேன்பா" என்றான். சொல்லிவிடுவானா? கேட்கவில்லை சாப் என்கிற வார்த்தையை இந்தச் சீருடையைப் போட்ட நாளிலிருந்து அவன் வாய் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். எத்தனையோ தரம் சொல்லியிருக்கலாம். நேற்று மெஷின் அறையில் காதை மூடிக்கொண்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றபோது விரல் தானாகவே அழுத்தப் போயிற்று. கேட்காத சத்தத்துக்குக்கூட அழுத்தப் போன விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்வது.

முதல் தரம் காதிலிருந்து ரத்தம் வந்தது மணல்வெளியில், வருடாந்திரச் சுடும் பயிற்சியில். காலையிலிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். பீரங்கியின் பின்புறத்தில் குண்டு தள்ளுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவன் நிலை. சுடும்போது வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மண்டைக்குள் போகிற காற்றுக்கு வெளியே வர வழி கிடைக்காது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அதனால் நாள் முழுக்கக் கோழிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றான். காதுக்கு அடைப்பான் கொடுத்திருந்தார்கள், கொடுக்கவில்லை என்று சொல்லக் கூடாது. சின்ன டப்பாவில், இரண்டு ரப்பர் மொட்டு. பெரிய அதிகாரி பார்வையிட வரும் அன்று எல்லோரும் அந்த டப்பாவை வலது கையில் ஏந்தி வரிசையில் காட்ட வேண்டும், தூசி இருந்தால் தண்டனை. காட்டியதும் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். அதைக் காதில் வைத்துக்கொண்டால் கட்டளை கேட்காது, கட்டளை கேட்காவிட்டால் பீரங்கி தப்பான இடத்தில் சுடும், அதுவும் போக, வைத்துக்கொண்டவனைப் பார்த்து மற்றவர்கள் பூ வெச்சிக்கோடா, கம்மல் போட்டுக்கோடா என்பார்கள். அவனே சொல்லியிருக்கிறான், ஒரு ஒரிசாக்காரப் பையனைப் பார்த்து. ரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். அன்று சாயந்தரம் டெண்ட்டில் படுத்தபோது காதுக்குள் ஒரு ரீங்காரம் தொடங்கியது, சில்வண்டு மாதிரி, காலையில் நின்றுவிடும் என்று நினைத்தான். இதோ இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் அது கத்திக்கொண்டுதான் இருக்கிறது. ஜனங்கள் செவிடு என்றால் நிசப்தம் என்று நினைக்கிறார்கள். தணிகாசலத்துக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நிசப்தம் கிடைத்தால் போதும், அழுதுவிடுவான்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரியும். உடம்பில் குறையில்லாதவனுக்கு ஷேப் ஒன் என்று பெயர், அந்த ஒன்று போய்விட்டால் பதவி உயர்வு போயிற்று, பீரங்கி போயிற்று, சமையல்கூடத்தில் காய்கறி எண்ணுகிற வேலை, கேட்டகரிக்காரன் என்று ஒரு பட்டம், சீக்கிரமே வீட்டுக்கு வழி. அதனால் எவனும் சொல்வதில்லை. மாதா மாதம் தர்பார் நடக்கும், எல்லோரையும் தரையில் உட்காரவைத்துக் கமாண்டர் கேட்பார், யாருக்காவது கஷ்டம் உண்டா என்று. நல்ல மனுஷர், நிஜமாகவேதான் கேட்பார். எல்லோரும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி இல்லை சாப் என்பார்கள். யார் எதைக் கேட்க வேண்டும் என்று சுபேதார் முதல் நாளே சொல்லி வைத்திருப்பார், ஒருவன் எழுந்து பருப்பு தண்ணியாக இருக்கிறது என்பான், கமாண்டர் கவனிக்கிறேன் என்பார், ஜெய்ஹிந்த், முடிந்தது. வருஷத்துக்கொரு தரம் காதுச் சோதனை. சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பின்னால் தள்ளி நின்று உதவியாள் ரகசியக் குரலில் ஏதாவது சொல்வான், திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரணிக்கார ஏகாம்பரம் இருந்தானே, சிநேகிதன் என்றால் அவன்தான், தன் முறை முடிந்ததும் வெளியே போகாமல் தணிகாசலம் பார்க்கிற சுவரோரமாகச் சாய்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நிற்பான். பின்னாலிருந்து வருகிற சொல்லை அவன் உதடு சத்தமில்லாமல் சொல்லும், தணிகாசலம் அதைப் படித்து உரக்கச் சொல்வான். அப்படித்தான் உதடு படிக்கக் கற்றுக்கொண்டான். இந்தி உதடு சுலபம், பழகிப் பழகி அத்துபடி. தமிழ் உதடுதான் அவனுக்குப் பிடிபடவில்லை, ரெஜிமெண்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாலு பேர், அதில் மூன்று பேர் மீசைக்காரர்கள். லீவில் ஊருக்குப் போனால் குடியாத்தத்தில் சொந்த வீட்டுக்குள் அந்நிய தேசத்தில் நிற்கிற மாதிரி நிற்பான். மகள் ஹேமலதா ஏதோ சொல்லிக்கொண்டே ஓடுவாள், அந்தக் குழந்தையின் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது, இப்போது அவள் காலேஜுக்கே போகிறாள்.

நினைக்கக் கூடாது, அதை நினைக்கக் கூடாது என்று கதவையே பார்த்தான். கதவு திறக்கவில்லை, நினைப்புதான் திறந்துகொண்டது. பனிமலையில் காவலுக்குப் போட்டிருந்த சமயம். மேலே ஒரே ஒரு போன், வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசலாம், பின்னால் நிற்கிறவன் மூச்சு கழுத்தில் படும். போனில் உதடு கிடையாது. அதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். கேள்வியை அவன்தான் கேட்பான், பதில் வருகிற அளவுக்கு இடைவெளி விடுவான், பிறகு சரி என்பான். சாப்பிட்டியா, சரி. பாப்பா படிக்குதா, சரி சரி. மழை பெஞ்சுதா, சரி. பெண்சாதி கோட்டீஸ்வரிக்கு அவன் குரல் கேட்டால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தான், புருஷன்மார் எல்லோரும் இப்படித்தானே பேசுகிறார்கள், காது கேட்கிறவர்களும் இப்படித்தானே பேசுகிறார்கள். அன்றைக்கும் கேட்டான், உங்கம்மா எப்படி இருக்காங்க என்று. இடைவெளி விட்டான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டான், அது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. காதுக்குள் சில்வண்டு. நல்லது நல்லது, நான் கேட்டேன்னு சொல்லு, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டான். அவள் அம்மா அன்று விடியற்காலையில் செத்துப்போயிருந்தாள். கோட்டீஸ்வரி அதைத்தான் சொல்லி அழுதிருக்கிறாள், பிணம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, சுற்றிலும் அவளுடைய ஜனம். மச்சான் அனுப்பிய தகவல் மேலே வந்து சேர்ந்தபோதுதான் இவனுக்குத் தெரிந்தது. பனியில் வழி அடைத்திருந்தது, கருமாதிக்குத்தான் போக முடிந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பிற்பாடு ஒரு லீவில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னான், எனக்குக் காது கேக்காது கோட்டீஸ்வரி, அன்னிக்கி நீ சொன்னது ஒண்ணுமே விழல. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி, அவனுக்கு எதிரே நேராகப் பார்த்து, நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ உரக்கவே சொன்னாள். "காது கேக்கலியாம் காது. வருசா வருசம் டெஸ்ட்டுல பாஸு, ஷேப் ஒன்னுன்னு ஊரு பூரா பீத்திக்கினியே, அப்ப அந்த டாக்டருங்கல்லாம் இன்னா குருடா? எங்கம்மா செத்துட்டாங்கன்னு கதர்றேன், நல்லது நல்லதுன்றே. மனுசனா நீ?" அவன் சத்தியம் செய்தான். "சத்தியம்லாம் வாணாம். டாக்டரு எழுதிக் குடுக்கட்டும், பாக்கறேன்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாஸ்தவம்தானே. நாக்கு நுனியில் பொய்யை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறான். அதனால்தான் இன்றைய தினம். டாக்டர் ஒரு வரி எழுத வேண்டும், இவனுக்குக் காது கேட்காது, பீரங்கியால் போனது என்று. அந்த வரி இருந்தால் காது மெஷின் தருவார்கள், வைத்தியம் காலத்துக்கும் உண்டு, அதெல்லாம் இருக்கட்டும். அந்த வரியைக் கோட்டீஸ்வரி படிக்க வேண்டும். படித்துவிட்டு என்ன செய்வாள் என்று அவன் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் செய்ய வேண்டாம், திட்டினால்கூடப் போதும், வாய் நிறையத் திட்டினால் போதும். இத்தனை நாள் லீவுக்கு வந்துபோகிறவன், வருகிற மாதத்திலிருந்து அந்த வீட்டிலேயே கிடக்கப் போகிறான், பேசாத ஒருத்தியும் கேட்காத ஒருவனும் ஒரே தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில், சாகிற வரைக்கும். அங்கே மலையில் அவன் ஒரு நாளும் இப்படிப் பயந்ததில்லை.

ஞானசிகாமணி முழங்கையால் இடித்தான். கதவு திறந்திருந்தது, உதவியாள் உள்ளேயிருந்து கையை ஆட்டினான். தணிகாசலம் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய் விறைப்பாக நின்றான். டாக்டர் மேஜர், சின்ன வயசு, மீசையில்லாத முகம், அதைப் பார்த்ததுமே தணிகாசலத்துக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டிடம், மரப்பலகைத் தரை, நடக்கும்போது பலகை காலுக்கடியில் அமுங்கி எழுந்தது. டாக்டர் நேற்றைய மெஷின் படத்தைப் பார்த்தார், பழைய சோதனைத் தாள்களைப் புரட்டினார், மறுபடி படத்தைப் பார்த்தார். உட்கார் என்றார். இந்தி, தெளிவான உதடு. "போன வருஷம் வரைக்கும் நல்லாக் கேட்ட காது, வீட்டுக்குப் போற மாசத்துல போயிடுச்சா?" தணிகாசலம் சொன்னான், போன வருஷமும் கேட்காது சாப், அதற்கு முன்னாலும் கேட்காது, நான் ஏமாற்றிவிட்டேன். சொல்லிவிட்டான்! டாக்டர் தாளை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புதான். "மெஷினும் நீ அமுக்கறதைத்தானே நம்பும்? ஊனப் பென்ஷனுக்காக இந்த வாரத்துல உன்னை மாதிரி எத்தனை பேர் வந்துட்டுப் போனாங்க தெரியுமா? சரி, திரும்பி உட்கார். நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு."

சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்தான். உதவியாள் ஒரு காதைப் பொத்தினான். இந்தச் சுவரோரத்தில் யாரும் சாய்ந்து நிற்கவில்லை, வெறும் பச்சைப் பெயிண்ட், அதில் ஒரு விரிசல், விரிசலுக்குள் எறும்பு. சில்வண்டு, சில்வண்டு. பின்னால் எங்கேயோ ஒரு மனிதர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். உதவியாள் தோளைத் தொட்டுக் கேட்டதா என்று கையால் கேட்டான். கேட்கவில்லை சாப் என்றான் தணிகாசலம். அடுத்தது. கேட்கவில்லை சாப். மறு காது. கேட்கவில்லை சாப். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் தோள் கொஞ்சம் தாழ்ந்தது, முதுகு கொஞ்சம் வளைந்தது, கண்ணில் நீர் வந்தது, இப்படித் தோற்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா. கோட்டீஸ்வரி, கேட்டியா, கேக்கல, எனக்கு ஒண்ணும் கேக்கல. உதவியாளின் கை காதை விட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எறும்பு விரிசலிலிருந்து வெளியே வந்தது. அப்புறம் பாதத்துக்கடியில் பலகை ஒரு தரம் இழுபட்டது, கனமான நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட அதிர்வு, பின்னாலேயே பூட்ஸின் பாரம் பலகையில் ஏறியது. அதிகாரி எழுந்துவிட்டார். அதிகாரி நிற்கும்போது ஜவான் உட்கார்ந்திருப்பதா? தணிகாசலம் நினைக்கவில்லை, நினைப்பதற்கு முன்னாலேயே உடம்பு எழுந்து குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்றுவிட்டது.

திரும்பினான். டாக்டர் புன்னகைத்துக்கொண்டிருந்தார், உதவியாளும்தான். டாக்டரின் உதடு அழகாகத் தெளிவாகச் சொன்னது, "மெதுவாத்தான் சொன்னேன், முடிஞ்சுது நீ போகலாம்னு. கேட்டுடுச்சே." இல்லை சாப், நீங்கள் எழுந்தீர்கள், அதனால் நானும் எழுந்தேன். "சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தியே, நான் எழுந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" தரை, சாப். "தரை?" தரை ஆடியது சாப், காலில் தெரிந்தது, எனக்கு எல்லாம் காலில்தான் தெரியும். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பொய் மாதிரி இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. பொய் எத்தனையோ சொல்லியிருக்கிறான், எல்லாம் நிஜம் மாதிரி கச்சிதமாக இருந்தன. டாக்டர் பக்கத்தில் வந்து அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். கெட்டவர் இல்லை, வீட்டுக்குப் போகிற மூத்த ஆளைத் திட்ட அவருக்கு மனசு வரவில்லை. "நல்ல உடம்போட போறே ஹவில்தார், எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? சந்தோஷமாப் போ" என்றார். பிறகு மேஜைக்குப் போய்க் குனிந்து எழுத ஆரம்பித்தார். குனிந்த முகத்தில் உதடு தெரியவில்லை. எழுதிக்கொண்டே எதையாவது சொல்கிறாரா, கேட்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. தணிகாசலம் நின்ற இடத்திலேயே நின்றான், போகச் சொன்னாரா, இருக்கச் சொன்னாரா, இன்னொரு தரம் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாமா, காலில் விழலாமா. அறைக்குள் அடுத்த ஆள் வந்திருந்தான். யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள், உதவியாள்தான், எத்தனை தரம் கூப்பிட்டானோ தெரியாது. அவன் டாக்டரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "மறுபடியும் செவிடாயிட்டான் சாப்" என்றான். டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். வாசலில் நின்றவனும் சிரித்தான். மேஜர் சாப் சிரிக்கும்போது சும்மா நிற்கத் தெரியாமல் தணிகாசலமும் சிரித்தான்.